பார்க் ரேடியோவில் ஊதிய விசில்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவைப் பிடித்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நாலு பேர் வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற சுபாவம் எனக்கு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போனால்தான் எனக்குச் சங்கடம். இப்படிப் போனால் எனக்குத் தெரியப்போவதில்லை.

பக்கத்து வீட்டில் டெலிவிஷன் வாங்கியிருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒரு போலீஸ் நாடகம் வந்தது. எங்களையும் கூப்பிட்டார்கள், போனோம். நாடகத்தில் ஒரு போலீஸ்காரர் விசில் ஊதினார். என் வீட்டுக்காரர் ரிடையராகிவிட்டார், முழங்கால் வலி வேறு. ஆனால் விசில் கேட்டதும் நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று அந்த வீட்டுக் குழந்தைகள் கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவர்கள் அப்பாவும் அம்மாவும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். கூச்சத்தில் ஏதோ சொல்லி முடித்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இதில் யார் பெயரும் வராது. வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. அவர் பெயரையே எழுதாதபோது மற்றவர்கள் பெயரை மட்டும் எழுதுவானேன்?

யுத்தம் முடிந்த புதிது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் தியாகராய நகரில் கான்ஸ்டபிள். வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஒரு புகார் வந்தால் போதும், பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று அனுப்பிவிடலாம். அப்படி அனுப்பிவிட்டால் எங்களுக்கு இந்தப் பட்டணத்தில் வேறு வழி கிடையாது. ஊரில் அவர் அண்ணன்மார் இரண்டு பேரும் ஏற்கெனவே நிலத்தை விற்றுவிட்டிருந்தார்கள். போலீஸ் லைனில் இடம் கிடைக்காததால் மாம்பலத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் இருந்தோம். முன்கட்டில் தையல்கார பாய் குடும்பம். பாயின் மனைவியை நான் ஆபா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு அவர்கள் பாஷையில் அப்படித்தான்.

என்னை வெளியே அழைத்துப் போனவள் ஆபாதான். வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லாத காலம். பார்க்கில் ஒரு சின்ன அறையில் பெரிய ரேடியோ பெட்டி இருக்கும். சாயங்காலம் அதற்கான ஆள் வந்து பூட்டைத் திறந்து போடுவார். வெளியே கம்பத்தின் உச்சியில் ஊமத்தம்பூ மாதிரி வாயை விரித்துக்கொண்டு ஒலிபெருக்கி. ஆண்கள் பெஞ்சில், பெண்கள் புல்லில். சுண்டல்காரர், பூக்காரம்மா எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு போலீஸ் நாடகம் வந்துகொண்டிருந்தது. அன்று புல்லில் இடம் பிடிக்கச் சீக்கிரம் போக வேண்டும்.

நாடகத்தில் ஒரு கான்ஸ்டபிள். கள்ள மார்க்கெட்டுக்குப் போகும் ரேஷன் அரிசியைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டவர். ஒவ்வொரு வாரமும் அவர் ஏதாவது ஓர் ஆபத்தில் நிற்கும்போது சங்கு ஊதுகிற மாதிரி ஒரு வாத்தியம் வாசித்து, தொடர்ச்சி அடுத்த வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிடுவார்கள். நாங்களும் புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டே அவர்களைத் திட்டியபடி எழுந்து வருவோம்.

அந்த வெள்ளிக்கிழமை கான்ஸ்டபிள் தனியாக ஓர் அரிசி குடோனுக்குள் நுழைந்துவிட்டார். திருடர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் விசிலை எடுத்து மூன்று தடவை ஊதினார். நாடகத்தில் யாரும் வரவில்லை.

ஆனால் பார்க்குக்கு ஒருவர் வந்தார். பாண்டி பஜார் பக்கத்து வாசல் வழியாக, சிவப்புத் தலைப்பாகையைக் கையால் அழுத்திக்கொண்டு, பூட்ஸ் தடதடக்க ஓடி வந்தார். "எங்கே? எங்கே?" என்று கூட்டத்தின் நடுவே வந்து நின்று நாலு பக்கமும் பார்த்தார். என் வீட்டுக்காரர்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் பார்க்கே சிரித்தது. பூக்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னா நைனா, இந்த ஓட்டம் ஓடியாறே? திருடன் அந்தப் பொட்டிக்குள்ள கீறான். புட்சிக்கினு போ!"

அவர் கம்பத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். அவருடைய காது மடல் சிவந்துவிட்டது. வந்த வழியே திரும்பி நடந்தார். புல்லில் நான் இருந்ததை அவர் பார்க்கவில்லை. ஆபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போலீஸில் சேர்ந்ததும் அவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் அதுதானாம். விசில் கேட்டால் யார், என்ன என்று யோசிக்கக் கூடாது. கையில் இருப்பதை விட்டுவிட்டு ஓட வேண்டும். அவர் அப்படித்தான் ஓடினார். சிரிப்போடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவர் ஓடி வந்த நேரம் பார்த்து, அவர் நிற்க வேண்டிய பஜார் முனையில் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் சைக்கிளை எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பீட்டில் நிற்க வேண்டிய போலீஸ்காரன் பார்க்கில் நாடகம் கேட்கப் போய்விட்டான் என்று கடைக்காரர் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஸ்டேஷனில் என் வீட்டுக்காரரை இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினார்கள். அங்கே நடந்ததை அவர் வந்து சொன்னபடியே எழுதுகிறேன்.

"ரேடியோவில ஊதினது உனக்கு பஜார் முனையில கேட்டுதா? பார்க் எங்கே, முனை எங்கே? உன் காது என்ன, நாய்க் காதா?" என்றாராம் இன்ஸ்பெக்டர்.

"கேட்டதுங்க ஐயா. நிஜ விசில் மாதிரியே இருந்தது."

பக்கத்தில் நின்ற ஏட்டு, "கதாநாயகி பேசறதும் கேட்டுதாப்பா? குரல் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் மேலதிகாரியிடம் 'ஆமாங்க ஐயா'வுக்கு மேல் பேசாதவர். அன்று என்னவோ பேசிவிட்டார். "ஐயா, வர்ற வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு நீங்களே முனையில வந்து நில்லுங்க. காதுல விழலைன்னா என்னை அனுப்பிடுங்க."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் மேஜையை விரலால் தட்டிவிட்டு, "சரி, வரேன். கேட்டா உன் வேலை உனக்கு. கேக்கலைன்னா சனிக்கிழமை காலையில பெல்ட்டை மேஜை மேல வெச்சுடணும்" என்றார்.

சாப்பிட உட்கார்ந்து இதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் முகம் தெளிவாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது.

"ஏங்க, அடுத்த வாரம் நாடகத்தில விசில் ஊதுவாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. அவர் அந்த நாடகத்தை ஒரு வாரம்கூடக் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எப்போதும் பீட். ரேடியோ என்றால் வாரா வாரம் அதே நேரத்தில் அதே விசிலை ஊதும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, கோயில் மணி மாதிரி.

"அப்போ அந்தக் கதையைச் சொல்லு" என்றார்.

கல்யாணமான நாளாக நான் அவரிடம் தொடர்ந்து பேசியதே கிடையாது. கேட்டதற்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான். அன்று முதல் வாரத்திலிருந்து தொடங்கி முழுக் கதையையும் சொன்னேன். அரிசி மூட்டை காணாமல் போனது, லாரிக்காரன் பொய் சொன்னது, கான்ஸ்டபிள் மாறுவேஷம் போட்டது எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு பேச வருகிறதே என்று. அவர் கை காய்ந்துபோகிற அளவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே குறுக்குக் கேள்வி வேறு.

"தனியா ஏன் குடோனுக்குள்ள போனான்? ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போகலையா?"

"சொல்லலை."

"தப்பு. மாறுவேஷம் போட யார் உத்தரவு கொடுத்தாங்க?"

"அதெல்லாம் நாடகத்தில வரலைங்க."

"அதுவும் தப்பு." கொஞ்சம் யோசித்தார். "மூணு தடவை ஊதி ஒருத்தரும் வரலைன்னா கொஞ்சம் விட்டு மறுபடியும் ஊதணும். அதுதான் முறை. அடுத்த வாரம் கட்டாயம் ஊதுவான் பாரு."

கதவருகே கேட்டுக்கொண்டிருந்த ஆபா, "அரே பாபா, நாடகம் எழுதறவனுக்கு உன் முறை எல்லாம் எப்படித் தெரியும்?" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் அவருக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. பீட்டில் நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாம் கதை கேட்டார்கள். "சார், அரிசி கெட்ச்சுதா?" என்று ஜட்காக்காரர் கேட்பார். காய்கறிக்காரர் வாயில் விரல் வைத்து விசில் அடித்துவிட்டு, "ஓட்லியா நைனா?" என்பார். அவர் வீட்டுக்கு வந்து பூட்ஸைத் துடைப்பார். துடைத்ததையே மறுபடியும் துடைப்பார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. விசில் ஊதினாலும், ரேடியோக்காரர் அன்று சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டால்? ஆபாவைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போனேன். அந்த அறையின் வாசல்வரை போய்விட்டு ஆபாவைப் பார்த்தேன். அவள், "வீட்டுக்காரர் உன்னுதா, என்னுதா? நீ கேளு" என்று சொல்லிவிட்டுப் புல்லில் போய் உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே எப்படியோ விஷயத்தைச் சொன்னேன். ரேடியோக்காரர் பீடியைக் கீழே போட்டார்.

"அந்தப் போலீஸ்காரு உங்க வூட்டுக்காரா? அடடா. சத்தம் எப்பவும் ஒரே அளவுதாம்மா. ஆனா கம்பத்து மேல கீற அந்தப் பூவு முன்ன கெயக்கால பாத்துக்கினு இருந்திச்சு. வக்கீல் பங்களாவுல, பசங்க படிக்க முடியலன்னு ஒரே ரகளை. அதான் அந்த வெள்ளிக்கெயம காலையில பஜார் பக்கமாத் திருப்பி வுட்டோம்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இத்தனை நாளும் கேட்காத சத்தம் அன்று மட்டும் முனைவரை போனதற்குக் காரணம் அதுதான். அவர் காதில் குற்றமில்லை.

ரேடியோக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாடகத்துல விசில் வர்லன்னா கூட இன்னாம்மா? எங்கிட்ட ஒண்ணு கீது. பார்க் மூடச்சொல்லோ ஊதறது. கம்பத்தாண்ட நின்னு நானே ரெண்டு ஊது ஊதிட்றேன். இன்ஸ்பெக்டருக்கு இன்னா தெரியப்போவுது?"

ஒரு நிமிஷம் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. பிறகு சோறு பிசைந்த கையோடு உட்கார்ந்து 'அதுவும் தப்பு' என்று சொன்ன முகம் ஞாபகம் வந்தது.

"வேண்டாங்க. அவருக்குத் தெரிஞ்சா பெல்ட்டை அவரே கழட்டி வெச்சுடுவாரு. ரேடியோவில என்ன வருதோ அதுவே வரட்டும்."

"அப்டின்னா சாமியக் கும்பிட்டுக்கமா" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை வந்தது. பார்க்கில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. சிரித்தவர்கள்தான், ஆனாலும் என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என் தலையில் அவளே வைத்துவிட்டாள். "ஊதுவாம்மா, ஊதுவான். ஊதாம எங்க போயிடுவான்?"

நாடகம் தொடங்கியது. கான்ஸ்டபிள் குடோனில் திருடர்களோடு மல்லுக்கு நிற்கிறார். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விசிலை எடுக்கிறார் என்று நான் நினைத்த சமயத்தில், "இவன் வாயில் துணியை அடையுங்கடா!" என்றான் திருடர் தலைவன்.

பார்க் முழுவதும் ஒரு பெருமூச்சு. வாயில் துணியை அடைத்த பிறகு விசில் ஏது? ஆபா அந்தத் தலைவனை உருதுவில் திட்டினாள். எனக்கு உருது தெரியாது, ஆனால் புரிந்தது.

பிறகு கதை எங்கேயோ போயிற்று. அரிசி வியாபாரி தன் கணக்கப்பிள்ளையோடு பேசினார். யாரோ ஒரு பெண் பாட்டுக் கற்றுக்கொண்டாள். அதற்கும் அரிசிக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாட்டு முடிய முடிய நேரமும் முடிந்துகொண்டிருந்தது. பஜார் முனையில் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டு அவரும் இந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். பாட்டு முனைவரை போகுமா? விசில் போகிற தூரம் பாட்டுப் போகாது. ஏட்டு சிரித்துக்கொண்டிருப்பார். ஊருக்குப் போனால் அண்ணன்மார் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும் என்று மனது கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் கான்ஸ்டபிளின் மனைவி வந்தாள். புருஷன் வரவில்லையே என்று தேடிக்கொண்டு அவளே குடோனுக்குப் போய்விட்டாள். கதவு கிரீச்சிட்டது. உள்ளே இருந்தவன் அவள் கையைப் பிடித்தான்.

"ஐயோ! காப்பாத்துங்க! யாராவது ஓடி வாங்களேன்!"

அந்த நடிகை யாரோ, நன்றாக இருக்கட்டும். அப்படி ஓர் அலறல். கம்பத்து மேலிருந்த காக்கைகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திருடன் சிரித்தான், சங்கு வாத்தியம் வாசித்தார்கள், தொடர்ச்சி அடுத்த வெள்ளிக்கிழமை என்றார்கள். விசில் வரவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மல்லிகை வாசனை வந்துகொண்டே இருந்தது. அதுகூட அப்போது பிடிக்கவில்லை.

அப்போதுதான் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி.

பஜார் பக்கத்து வாசல் வழியாக முதலில் நுழைந்தவர் இன்ஸ்பெக்டர். தொப்பி கையில், தடி இன்னொரு கையில், முகமெல்லாம் வேர்வை. "யாரடா அது? எங்கே அந்தப் பொம்பளை?" என்று கத்திக்கொண்டே கூட்டத்தின் நடுவே வந்து நின்றார், போன வாரம் என் வீட்டுக்காரர் நின்ற அதே இடத்தில். பின்னாலேயே அவரும் வந்து விறைப்பாக நின்றார்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிக் கம்பத்தின் உச்சியைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். ஒலிபெருக்கியில் அதற்குள் விலைவாசி நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பூக்காரம்மாவால் எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? "இன்னா சார், நீங்களும் கதை கேக்க வந்துக்கினீங்களா?"

அவ்வளவுதான். முதலில் சுண்டல்காரர், பிறகு பெஞ்சுகள், பிறகு புல்லில் இருந்த நாங்கள். இன்ஸ்பெக்டர் முகம் ஒரு கணம் கடுகடுவென்று ஆயிற்று. பிறகு மீசை ஓரம் ஆடியது. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். ரேடியோக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, "அந்தப் பொம்பளைக்கு என்னய்யா ஆச்சு?" என்றார்.

"அது அடுத்த வெள்ளிக்கெயமதான் சார் தெரியும்."

"இதென்ன அநியாயமா இருக்கு!" என்றார் இன்ஸ்பெக்டர். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

முனையில் நடந்ததை என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். அலறல் கேட்டதும் அவருக்கு அது ரேடியோ என்று தெரிந்துவிட்டதாம். கதைதான் தெரியுமே, கான்ஸ்டபிளுக்கு மனைவி இருப்பது வரை. அதனால் நகராமல் நின்றிருக்கிறார். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்து, "மரம் மாதிரி நிக்கறியே! பொம்பளை கத்தறா, காதுல விழலை? ஓடு!" என்று சத்தம் போட்டுவிட்டு அவரே முன்னால் ஓடியிருக்கிறார்.

பெஞ்சை விட்டு எழுந்ததும் இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "காலையில ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், பீட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னார். இவர் சல்யூட் அடித்தார். அந்தக் கை கீழே இறங்கும்போதுதான் புல்லில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். பாண்டி பஜார் பார்க்கப் பார்க்க, யூனிபார்மோடு, எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். ஆபா வேண்டுமென்றே பத்தடி பின்னால் வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடந்தது அன்றுதான்.

"இந்தா, அடுத்த வாரமும் ஒழுங்காக் கேட்டு வந்து சொல்லு" என்றார். "அவன் விசிலைக் கடைசிவரைக்கும் எங்கே வெச்சிருக்கான்னு பாரு."

மறுநாள் அவர் காலையிலேயே பீட்டுக்குப் போனார். கார்ப்பரேஷன் ஆட்கள் ஏணியோடு வந்து ஒலிபெருக்கியைக் காலி மனைகள் இருந்த பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டுப் போனார்கள். ஜவுளிக்கடைக்காரரின் சைக்கிள் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.